ஒராளுக்கு

எத்தனை பேருக்கு என்று கேட்டார்
மத்திய வீதிப் பாத்திரக்கடை நிஸ்தார் நானா.
சாதாரணக் கேள்விதான்.
மூன்று பேருக்கு, ஆறு பேருக்கு, கலியாண வீட்டுக்கு என்று
அவருக்குப் பின்னால் உயரவாரியாக நின்றன கேத்தல்கள்.
ஒராளுக்கு என்றேன்.
ஏறிய ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

பிலோமினா வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்
பதினொரு நாள்.
ஆறு வருடம் எங்கள் வீட்டில் கோப்பி என்றால்
ஒரு சுடுதண்ணிப் போத்தல்.
விடிய நாலு மணிக்கு அவள் ஊற்றி வைப்பாள்,
இரவுக் கடமை முடிந்து வரும் நேர்ஸ்மார் குடிப்பார்கள்,
மிச்சம் எனக்கு.
மிச்சத்தில் எனக்கொரு மனக்குறையும் இருந்ததில்லை.
கொத்தமல்லி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.
போகும்போது போத்தலையும் கொண்டுபோனாள்.
அது அவளுடையது.

தம்பி பெண்சாதி ஸ்காபரோவிலிருந்து அனுப்பியிருந்தாள்
எட்டு மூலைக் குடுவை ஒன்று.
கீழே தண்ணீர், நடுவே தூள்,
ஆவி முட்டிக் கோப்பி மேலே வருமாம்.
வந்தது.
சீனன்குடாவில் விமானம் இறங்குவதுபோல
உறுமிக்கொண்டு வந்தது,
மூன்று கோப்பை.
பாதித் தண்ணீர் விட்டால் கோபித்துக்கொண்டு
கருகிய மணத்தைத் துப்புகிறது.
முழுசாய் விட்டு, மிஞ்சிய இரண்டையும் ஆறவைத்து
குரோட்டன் செடிக்கு ஊற்றினேன், இரண்டு நாள்.
மூன்றாம் நாள் மனமில்லாமல்
மூன்றையும் நானே குடித்துவிட்டுப் போய்
ஆஸ்பத்திரி மருந்துச் சாளரத்தில் நின்றேன்.
மூதூரிலிருந்து வந்த ஒருவர்
நான் நீட்டிய உறையை வாங்காமல்
நடுங்குகிற என் விரல்களைப் பார்த்தார்.
மருந்து எண்ணித் தருகிறவளின் விரல்கள்.

நிஸ்தார் நானா கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்தார்,
நடுவில் அமத்துகிற கம்பி.
அழகுதான்.
ஆனால் டைக் வீதியில் என் குசினி ஜன்னல்
மான்கள் முகர்ந்து பார்க்கிற உயரம்;
போன மாதம் ஒரு கொம்பன் தலையை உள்ளே விட்டு
ஊறுகாய்ப் போத்தலை உருட்டிவிட்டது.
கடதாசியில் வடிக்கிறது?
கடதாசி கொழும்பிலிருந்து வரவேணும்.
மாரியில் பாதையை வெள்ளம் மூடினால்
என் விடியலும் அங்கேயே நிற்கும்.
மின்சாரக் கேத்தலைப் பற்றி இருவரும் பேசவில்லை,
அந்த நேரமும் கடையில் கரண்ட் இல்லை.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
ஏழிலும் மொண்டு தலையில் ஊற்றிப் பார்ப்போம்,
பிறகு ஒன்றின் பக்கத்தில்
வாளியோடு நின்றுவிடுவோம்.
ஏன் அதுவென்று யாரும் கேட்பதில்லை.

உள்ளதில் சின்ன மூடி ஒன்று தாருங்கள் என்றேன்,
கோப்பைக்கு மேலே வைக்க.
மூடி மட்டுமா?
மூடி மட்டும்.
காசு வாங்க மாட்டேன் என்றார்,
வாங்கினார்.

இப்போது இப்படி:
கோப்பைக்குள்ளேயே தூள், பன்னிரண்டு கிராம்
(தராசில் நிறுப்பது எனக்குக் கைப்பழக்கம்),
கொதி அடங்கிய தண்ணீர்,
ஒரு கலக்கு, மூடி,
பிறகு ஒன்றும் செய்யாமல் இருத்தல்.
அதுதான் கஷ்டம்.
நாலு நிமிடத்தில்
ஜன்னலால் மூதூர் வள்ளத்தின் சத்தம் வந்து போகும்.
தூள் தானாகவே அடியில் போய்க் கிடக்கும்.
ஒரு கோப்பை. கழுவவும் ஒரு கோப்பை.
கடைசி மடக்கை மட்டும் குடிக்கக்கூடாது.

நேற்று இரவு பிலோமினா எடுத்தாள்.
எடியே, இந்தப் போத்தல் எனக்குக் குளம்மாதிரிக் கிடக்கு,
எப்பிடியடி ஒராளுக்கு ஊத்துறது?
மருந்து உறை ஒன்றை எடுத்து
எழுதிக்கொண்டே சொன்னேன்:
காலை ஒன்று.
சாப்பாட்டுக்கு முன்.
மூடி வாங்கு.