நான்கு எழுத்து வால்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது, கப்பல் இல்லை.
மருந்துக்கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
உள்ளே வருகிறாள் வெர்னா ஹால்வோர்சன்.
அவள் கைப்பிடியைத் தொட்டு ஆறு வருடம்.

கேக்குக்குப் பூ வைப்பவள்.
க்ரீம் கூம்பைப் பிழிந்தால் ரோஜா விரியும்.
விரல் மூட்டு வீங்கிய பிறகு
ரோஜாவெல்லாம் முட்டைக்கோசு.

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய ஊசியை
மூன்று வாரமாக்கினாள்.
பிறகு ஐந்து.
"கடைசி ஊசி ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கு.
பார்த்துக்கொண்டே இருந்தால் பாதி வலி போய்விடும்" என்பாள்.
நான் சிரித்ததில்லை.
ரசீதை அச்சிட்டவன் நான்தானே.

மலிவான மருந்து வருகிறது, வருகிறது என்றார்கள்.
காப்புரிமைக்கு மேல் காப்புரிமை, வெங்காயம்;
உரித்தது வக்கீல், கண்ணீர் எங்களுக்கு.
ஒருவழியாய் வந்தது.
வந்த பின்னும் காப்பீட்டுப் பட்டியலில் இடமில்லை.
நம்பி நான் வாங்கி வைத்த இரண்டு பெட்டியும்
தேதி முடிந்து குப்பைக்குப் போயின.

இன்று இருக்கிறது.
அதே பெயர், பின்னால்
அர்த்தமில்லாத நான்கு எழுத்து வால்.
விலையைச் சொன்னேன்.
"முதல் தவணையா?" என்றாள்.
இல்லை, அவ்வளவுதான்.
பையை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

"இது அதேதானா?"

என்னிடம் தாள் உண்டு, ஆய்வு உண்டு, வரைபடம் உண்டு.
உயிரணுவில் விளைவது, அச்சுப் பிசகாமல் வராது,
பழைய மருந்துகூடத் தொட்டிக்குத் தொட்டி
ஒரு மயிரிழை வேறுதான் என்று ஆரம்பித்தேன்.

கையை உயர்த்தினாள்.
"எனக்கா மாவுக் கதை?
எதிர்க்கடை ரை ரொட்டியைத்
தின்று தின்று பார்த்தே
எங்கள் ரொட்டியைச் சுட்டோம்.
செய்முறையை எவன் கொடுப்பான்?
பதினோரு மாதம் ஆச்சு.
அப்புறம் அவன் பெண்டாட்டியே
எங்களிடம் வாங்கினாள்."

கையெழுத்துப் போட்டாள்.
எழுத்து நண்டு மாதிரி நகர்ந்தது.

ஏப்ரலில் முதல் கப்பல் ஊதிய காலை
கதவின் கைப்பிடி திரும்பும் சத்தம்.
மேசைமேல் ஒரு எலுமிச்சை கேக்.
ஏழு ரோஜா. அதில் ஒன்று இன்னும் முட்டைக்கோசுதான்,
அதைத்தான் எனக்கு வெட்டிக் கொடுத்தாள்.

விரல்கள் வடிந்திருந்தன.
சுண்டுவிரல் மட்டும் கொக்கி போல,
எலும்போடு எலும்பு ஒட்டிப்போய்.
இனி நிமிராது.

அது இன்னும்
பழைய விலையிலேயே நிற்கிறது.