நாற்பத்தொன்றாம் பக்கம்

தங்கச்சிமடம் பங்கு மண்டபத்தில்
இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரை.
ஜன்னல் வழியே வந்த கச்சான் காற்று
வேலைக்காரியின் கறுத்த முகத்தை
ஊதிப் பெருக்கியது, பிறகு சுருக்கியது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
"சிரிக்காதீங்க" என்றேன்.
படத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்,
நாவலை மூன்று தடவை வாசித்தவள்.
எந்த இடத்தில் அழ வேண்டும் என்பது
எனக்கு முன்பே தெரியும்.

வீட்டுக் கழிப்பறையை அவள் தொடக் கூடாது என்று
கொல்லையில் தகரத்தால்
தனியாக ஒன்று அடித்துக் கொடுக்கிறார்கள்.
அங்கேதான் அழுதேன்.
செலின் டீச்சரும் அழுதார்.
ஐஸ் கம்பெனிக்காரர் சம்சாரம் மூக்கைச் சிந்திவிட்டு
"எப்படித்தான் மனசு வருதோ இவங்களுக்கு" என்றார்.
அந்த "இவங்க"
கப்பலேறிப் போகிற தூரத்தில் இருந்தார்கள்.

பின்வரிசையில் யாரும் அழவில்லை.
அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"அப்படிப் பிழிஞ்சா துணியில தண்ணி நிக்கும்டி."
"நகத்தப் பாரு. சாம்பலே பாக்காத நகம்."
குவைத்தில் ஒன்பது வருஷம் இருந்த ஜெசிந்தா
மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குக் கேட்டது:
"முட்டி போட்டுத் தொடச்சவ
எந்திரிக்கையில ஒரு கை தரையத் தேடும்.
இவ சும்மா எந்திரிச்சிட்டா."
அதற்குப் பிறகு நானும்
கதையை விட்டுவிட்டு முட்டியைப் பார்த்தேன்.

ஒரே ஒரு தடவை அவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.
வேலைக்காரி நின்றுபோன மறுநாள்
வீட்டம்மா கோழியைக் கருக்கி
அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுகிற இடம்.
நாவலில் அது சோகமான அத்தியாயம்.

விளக்குப் போட்டார்கள்.
செலின் டீச்சர் நிறவெறி பற்றிப்
பன்னிரண்டு நிமிடம் பேசினார்.
கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்:
"இதை எழுதினது வீட்டம்மாவா, வேலைக்காரியா?"
"வீட்டம்மா வயிற்றில் பிறந்தவள் மாதிரி ஒருத்தி."
"ம்" என்று உட்கார்ந்துகொண்டான்.

மைக் கைமாறிக் கைமாறி
நம்புவள்ளியிடம் போய் நின்றது.
என் வீட்டுக்கு ஏழு வருஷமாக வருகிறவள்.
மைக்கை முந்தானையில் ஒரு துடை துடைத்தாள்.
"படம் நல்லாத்தான் இருக்கு.
அந்தப் பொண்ணுக்கு எம்புட்டுச் சம்பளம்னு
கடைசி மட்டும் சொல்லலியே."

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
"நல்ல கேள்வி" என்றேன்.
அடுத்து யார் என்று கேட்டேன்.

ராத்திரி புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.
எங்கு புரட்டினாலும் பச்சை மையில் என் அடிக்கோடுகள்:
அவள் கண்ணீருக்கு, அவள் ஜெபத்துக்கு,
கடைசியில் அவள் சாத்திவிட்டுப் போன கதவுக்கு.
சம்பளம் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கிடந்தது,
கீழிருந்து ஐந்தாவது வரி,
வாரத்துக்கு இவ்வளவு என்று.
அதற்கு அடிக்கோடு இல்லை.
ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து:
பால் கணக்கு, மார்ச், இருபத்தேழரை லிட்டர்.

காலை ஆறு மணி.
பின்பக்கக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"தேடிப் பாத்தீகளாக்கா?"
சொன்னேன்.
"நம்ம காசுக்கு?"
அது அந்தக் காலத்துக் காசு,
கூட்டிப் பெருக்கினாலும் சரியாக வராது என்றேன்.
விளக்குமாற்றை உள்ளங்கையில் தட்டி
நுனியைச் சமமாக்கினாள்.
"எழுதியிருக்கு, சரி.
வாங்குனாளா?"

இன்று தேதி ஒன்பது.
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மழை பெய்கிறது,
வேறொரு வீட்டின் மேல்.