ஒன்றேகால்

கருகியிருந்தது ஒரு பல்தான்.
மீதி ஐந்தும் விழாத பால்பற்கள் போல.
எழுத்தில்லை, எண்ணில்லை,
செய்தவன் பெயர்கூட உடம்பில் இல்லை.
இது என்ன கனெக்டர் என்று யாரைக் கேட்டாலும்
வெள்ளை கனெக்டர் என்கிறார்கள்.

டர்பன். அரசு மருத்துவமனையின் அடித்தளம்.
மேலே மூன்றாம் மாடியில்
சர்க்கரை தின்ற கண்களுக்குச் சூடு வைக்கும் லேசர்
ஒன்பது நாளாய்க் கிடக்கிறது.
சிஸ்டர் நொம்தாண்டாசோ காலையில் அழைக்கிறார்,
மாலையிலும் அழைக்கிறார்.
பட்டியலில் இருபத்து மூன்று பேர்.

கம்பெனிக்கு எழுதினேன்.
மாட்யூலையே மாற்றச் சொன்னார்கள்:
பதினான்கு வாரம்,
இங்கே பாக்கி என்போமே, பின்திறந்த வண்டி,
அதில் ஒன்று வாங்கும் காசு.
ஆறு பல்லுக்கு.

நேருக்கு இரண்டு, எதிருக்கு இரண்டு,
வெப்பம் பார்க்க இரண்டு.
ஒன்று தளர, அதன் பங்கையும்
பக்கத்துப் பல் சுமந்து கருகியது.
போர்டில் இருந்த பாதி பிழைத்தது.

வெர்னியரை எடுத்தேன்.
அடுத்தடுத்த இரண்டு பல்லை அளந்தால் பொய் சொல்லும்:
ஒன்றேகாலா, ஒன்று புள்ளி இரண்டு ஏழா,
என் கைநடுக்கம் அந்த வித்தியாசத்தைவிடப் பெரிது.
முதல் பல்லிலிருந்து கடைசிப் பல்வரை அளந்து
ஐந்தால் வகுக்க வேண்டும்.
ஆறேகால்.
எழுந்து பட்டறையை ஒருமுறை சுற்றி வந்தேன்.

ஒன்றேகாலிலும் நாலைந்து குலம்.
பூட்டும் நாக்கு சிலதற்கு முதுகில்,
சிலதற்கு விலாவில், சிலதற்கு நாக்கே இல்லை.
ஸ்பிரிங்ஃபீல்டில் கடைப்பையன் பிரகாசன்
"ஆணா பெண்ணா மேடம்?" என்றான்.
பிளாஸ்டிக்கைப் பார்த்தால் ஆண்,
உள்ளே உலோகத்தைப் பார்த்தால் பெண்.
"நிலைமொழி போர்டில் இருக்கிறது,
எனக்கு வருமொழி கொடு."
தமிழ் படிக்காதவன், சும்மா சிரித்தான்.
அவன் தந்தது நுழைந்தது, பூட்டவில்லை.

தோன்றல், திரிதல், கெடுதல்:
சனிக்கிழமை வகுப்பில் நெட்டுருப் போட்டது.
தளர்ந்த பல்லில் இடைவெளி தோன்றும்.
சூட்டில் பிளாஸ்டிக் திரியும்.
தொடர்பு ஒரு கணம் விட்டுத் தொட்டால்
டிரைவர் தேக்கிய ஓட்டமெல்லாம் பாய்ந்து
டயோடு கெடும், சத்தமே இல்லாமல்.
எனக்கு இயல்புப் புணர்ச்சி போதும்.

பட்டியலில் ஏழாவது பெயர், எர்னஸ்ட் கவுண்டன்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்,
மாடிப் பலகையைப் படிக்க முடியாமல்
என் கதவுக்கு வந்துவிட்டார்.
மேசையைத் தடவி, கனெக்டரைத் தொட்டார்.
"நாலு மூலையும் பூட்டிப் பச்சை விளக்கு வந்தால்தான்
நாங்கள் பெட்டியைத் தூக்குவோம்.
இதில் விளக்கு எங்கே?"
இதில் விளக்கில்லை, காதுதான் என்றேன்.
"எனக்கும் இப்போது அப்படித்தான்" என்றார்.
லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டேன்.

ஓவர்போர்ட்டில் ஒரு கடையின் கழிவுப்பெட்டியில்
செத்த பார்கோட் ஸ்கேனர்.
எத்தனை ஆயிரம் சர்க்கரைப் பொட்டலத்தைப் படித்ததோ.
திறந்தால் அதே மூக்கு, அதே நாக்கு,
அதே ஆறேகால்;
லென்ஸ் வைத்துப் பார்த்தால்
வயிற்றில் மூன்று எழுத்து, நாலு எண்.
பழையதை ஒருவர் கண்ணுக்குப் போட மாட்டேன்.
பெயர் கிடைத்தது, போதும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தது.
கூடு ஒன்றாகவும் தருவார்களாம்.
உள்ளே செருகும் பல் மட்டும்
சுருளாய், பத்தாயிரம்.
கையெழுத்துப் போட்டேன், கணக்குப்பிரிவு கத்தியது.

ஏழு பல்லைக் கிரிம்ப் செய்யும்போதே நசுக்கினேன்.
ஆறு நேராய் நின்றன.
டயோடு இருக்கும் இடத்தில் பொய்ச்சுமை மாட்டி
ஒரு மணி நேரம் கம்பியை ஆட்டினேன்;
ஓட்டம் ஆடவில்லை.
புதன்கிழமை காலை சிஸ்டர் கதவைச் சாத்தி
வெளியே சிவப்பு விளக்கைப் போட்டார்.

மீதி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு பல்
என் இழுப்பறையில்.
வேண்டுவோர் அளந்துகொண்டு வாருங்கள்,
முதலிலிருந்து கடைசிவரை.