மூன்று தரம் நீலம்

காலிங்பெல் என்றால் மஞ்சள்.
குக்கருக்கு ஒன்றுமில்லை, ஆவியைப் பார்த்துக்கொள்வேன்.
குழந்தை என்றால் நீலம், மூன்று தரம்;
கூடவே தலையணைக்கடியில் வட்டத்தகடு
உள்ளங்கையில் மூடிய வண்டாய்த் துடிக்கும்.

சென்னியங்கிரி ஓவர்டைம் பார்த்து வாங்கியது.
திருப்பூர் பனியன் கம்பெனியில்
அவன் கட்டிங், நான் செக்கிங்.
எங்களுக்குக் காது கேட்காதென்று வீதிக்கே தெரியும்.
ஆனாலும் தண்ணிக்கேன்காரர்
கதவைத் தட்டிக்கொண்டேதான் நிற்பார்.

பிள்ளைக்கு யாழிசை என்று பெயர் வைத்தது நாத்தனார்.
வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதல் வாரம் எல்லாவற்றுக்கும் நீலம்.
இடிக்கு. பக்கத்து வீட்டு மிக்சிக்கு.
விடியுமுன் போகிற கறிக்கோழி லாரிக்கு.
ஊர் இவ்வளவு சத்தம் போடுகிறதா என்று
கையால் கேட்டேன்.
அவன் தோளைக் குலுக்கினான்.

நேற்று ராத்திரி, கரண்ட் போய் வந்தபிறகு,
மறுபடி நீலம்.
எழுந்து தூளியை விலக்கினால்
கால் கட்டைவிரலைப் பிடித்தபடி
வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

அழுகைக்கும் இதற்கும் ஒரே நிறமா?

அணைக்கப் போன கையை எடுத்துவிட்டேன்.
சென்னியங்கிரியின் கையை இழுத்துத்
தலையணைக்கடியில் வைத்தேன்.
அழறாளா என்று கேட்டது
நீல வெளிச்சத்தில் இன்னொரு கை.

இல்லை. தொட்டுப் பார்.