கெடிலம் பாலத்துச் சுங்கம்

பலகையில் எழுதியிருந்தது:
ஒற்றை மாட்டு வண்டி ஓரணா,
இரட்டை மாடு இரண்டணா,
சைக்கிள் அரையணா.
நடந்து போகிறவர்களுக்கு இல்லை.

திருப்பாப்புலியூர் ஸ்டேஷனிலிருந்து
கிளாரினெட் ஊதிக்கொண்டு வந்தது சர்க்கஸ்.
ஊரே பின்னால்.
பாலத்து முனையில் கழியை இறக்கினேன்.

"யானை நடந்துதானே வருது?" என்றார்
மேனேஜர் குஞ்ஞம்பு.
சரிதான்.
ஒட்டகமும் நடந்தது.
சிங்கக் கூண்டை இழுத்தது இரட்டை மாடு;
உள்ளே தூங்கியது சரக்கு.
இரண்டணா.
ஒரே சைக்கிளில் ஒன்பது பேர்,
எண்ணினது வீண்.
கோமாளி என்னைப்போலவே
காதில் பென்சில் செருகி
எனக்கே ரசீது கிழித்துக் கொடுத்தான்.
குத்தகைக்காரர் தாவூது ராவுத்தர்
சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கடைசியாக ஒரு பெண், பச்சைக் குடையோடு.
செருப்பைக் கழற்றிக் கோமாளியிடம் கொடுத்துவிட்டுக்
கைப்பிடிச் சுவர்மேல் ஏறினாள்.
இந்தப் பக்கம் நாங்கள்.
அந்தப் பக்கம், ரொம்பக் கீழே,
தை மாதத்துத் தண்ணீர்.
கிளாரினெட் நின்றது.
அக்கரை வரைக்கும்
பாலத்தை அவள் மிதிக்கவே இல்லை.

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
கூடாரம் அடிக்கிற சத்தம் கேட்கிறது.
கணக்கு நோட்டில்
அவளுக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன்.
ராவுத்தர் கேட்டால்
பென்சில் முனை ஒடிந்ததென்று
சொல்ல வேண்டும்.