முன்னேறாமல் பிடித்துக்கொள்ளலாம்

நேற்றைய கூட்டத்தில் நடுவர்
இரண்டு மொழிகளில் விதிகளை வாசித்தார்.
எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான்:
மூச்சு முட்டினால் காயாக்கைப் பிடித்துக்கொள்ளலாம்,
வேண்டிய நேரம்வரை.
அது உங்களை ஒரு முழம்கூட
முன்னே கொண்டுபோகக் கூடாது, அவ்வளவே.

காலை ஐந்தரை.
ஸ்பீட்ஸ் படகுத்துறைப் பலகையில்
நீரின் வெப்பம் 15.6 என்று எழுதி,
அழித்து, 15.2 என்று எழுதுகிறார்கள்.
அழிந்துபோன புள்ளி நான்கை நினைத்தபடி
கழுத்தில் வாசலின் தடவுகிறேன்.
கைவைத்த வெட்சூட்டா, கையில்லாததா
என்று ஒரு வாரம் வீட்டில் விவாதம்.
நவநீதன் இரண்டையும் காரில் போட்டு வந்திருக்கிறான்,
கல்யாணத்துக்கு இரண்டு சேலை எடுத்துப்போவதுபோல.

கைவைத்தது.
தோளில் இறுக்குகிறது.
இறுகினால் வேகம் என்றான் விற்றவன்.
மூச்சைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஒலிபெருக்கி என் பெயரைத்
தர்மா... தர்மாகுலா... என்று தடுமாறி
அடுத்த எண்ணுக்குத் தாவுகிறது.
நல்லது. பாதிப் பெயர் மிதப்பதற்கு இலேசு.

எங்கே நிற்பது?
நீச்சல் குளத்தில் நான் நடுத்தரம்.
இங்கே நடுவில் நின்றால்
யாருடைய குதிகாலாவது மூக்கில் படும்.
கடைசி வரிசை, இடது ஓரம்.
பக்கத்தில் ஒரு பல்வைத்தியர்
(நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்)
தன் நீச்சல் கண்ணாடிக்குள் துப்பித் துடைக்கிறார்.

கொம்பு ஊதுகிறது.

குளத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும்,
அதைப் படித்துக்கொண்டே போகலாம்.
இங்கே அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை,
அதற்குக் கீழே சொல்ல ஆளில்லை.
யாரோ காலை இழுக்கிறார்கள்.
மன்னிப்பு ஒரு குமிழியாக மேலே போகிறது.
மூச்சை வெளியே விட மறந்து
உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறேன்,
கடன் வாங்கிக் கடன் அடைப்பவள்போல.

மஞ்சள் மிதவை அதே தூரத்தில்தான்.
தலையைத் தூக்கினால் கால் தாழ்கிறது.
மல்லாந்து படுக்கிறேன்.
வானம் எந்த வேலையும் இல்லாமல் இருக்கிறது.

சிவப்புக் காயாக். அதில் ஒரு பெண்.
மேலங்கியில் உர்சினா என்று ஒட்டியிருக்கிறது.
கையை உயர்த்தினால் போட்டி முடிந்தது.
நீட்டினால் இன்னும் முடியவில்லை.
இரண்டுக்கும் நடுவே
ஒரு தோள்மூட்டின் கோணம்.

நீட்டுகிறேன்.

க்ரூயசெக் என்கிறாள்,
ரொட்டிக் கடையில் சந்தித்ததுபோல.
காற்று எங்களை மிதவைப் பக்கம் தள்ளப் பார்க்கிறது.
அவள் துடுப்பைப் பின்னோக்கிப் போட்டுப் போட்டு
நின்ற இடத்தில் நிற்கப் பாடுபடுகிறாள்.
ஒருத்தி இத்தனை உழைத்து
என்னை எங்கும் கொண்டுபோகாமல் இருந்தது
இதுவே முதல் தடவை.

கழுத்துப் பட்டியை இழுத்து
கொஞ்சம் ஏரியை உள்ளே விடுகிறேன்.
குளிர் மார்புக்கு நடுவே இறங்கி,
என் சூட்டையே வாங்கிக்கொண்டு
அடங்குகிறது.
மூன்று நிமிடமோ, ஐந்தோ.
மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு முடிவு.

பிறகு நீந்தினேன். அதில் சொல்ல அதிகமில்லை.
எட்டு வீச்சுக்கு ஒருமுறை
முதலையளவு கண்ணை உயர்த்துவது,
இடப்பக்கம் கோட்டை, வலப்பக்கம் திராட்சைத் தோட்டம்,
நடுவே நீசென் மலை, மறுபடி பச்சை.

கரையில் கம்பளம். கால்கள் யாருடையவோ.
கறுப்பு டீஷர்ட் பையன் ஒருவன் குந்தி
என் கணுக்காலிலிருந்து சிப்பைக் கழற்றுகிறான்.
நாற்பத்தொரு விநாடி என்கிறான்,
தாமதமாக வந்தது தானே என்பதுபோல
முகத்தை வைத்துக்கொண்டு.

திரும்பிப் பார்க்கிறேன்.
தூரத்தில் காயாக், அதன் மூக்கில் ஒரு நீலத் தொப்பி.
பல்வைத்தியராக இருக்கலாம்.
உர்சினா இன்னும் பின்னோக்கித் துடுப்புப் போடுகிறாள்.

சைக்கிள் கம்பிகள் எல்லாம் காலி.
என்னுடையது மட்டும்
சட்டத்தில் ஒரு வாழைப்பழம் ஒட்டியபடி
கிளம்பத் தயாராக நிற்கிறது.
அந்தக் காயாக்கில் ஒரு நிமிடம் குறைத்திருந்தால்
என்று நவநீதன் கணக்கைத் தொடங்குகிறான்.
டேப்பைப் பிய்த்து, பழத்தை உரித்து,
பாதியை அவன் வாயில் வைக்கிறேன்.