நகம் வரை

தலையில் தொடங்கும் எங்கள் கணக்கு.
ஒரு பாட்டன், ஒரு பாட்டி: அது தலை.
அவர்கள் பெற்றவர்கள் கழுத்து.
பெற்றவர்களின் பிள்ளைகள் தோள்,
அப்புறம் முழங்கை, மணிக்கட்டு,
நடுவிரலின் மூன்று கணு.
ஏழாவது, நகம்.
நகத்துக்கு அப்பால் காற்று;
காற்றில் நிற்பவனை யாரும் மணக்கலாம்.

வெர்லான் சீமைக்கு ஆண் வாரிசில்லை.
நான்கு உப்புக் கிணறு, இரண்டு கோட்டை,
மியூஸ் ஆற்றுப் பாலத்தில் பாதிச் சுங்கம்,
ஐக்லீன் என்றொரு பெண், ஒன்பது வயது.
ஆயரின் எழுத்தன் நான்
மையும் கத்தியுமாய் வந்திருந்தேன்.
மாப்பிள்ளை கோசெலினுக்கு முப்பத்தாறு;
இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.
பாலத்தின் மறுபாதி அவனுடையது.

அவள் கையை மேசைமேல் விரித்து எண்ணினேன்.
இரண்டாம் கணுவில் நின்றது. தடை.
ஆயர் இருமினார்.
என் விரல் கணுக்களைத் தாண்டி,
நகத்தைத் தாண்டி, பலகையில் போய் நின்றது.
கூசியிருக்க வேண்டும். சிரித்தாள்.

பதினோரு ஆண்டு. தொட்டில் ஆடவில்லை.
கோசெலினுக்கு வேறொரு பெண்
வேறொரு பாலத்தோடு கிடைத்தபோது
மறுபடி அழைத்தார்கள்.
அதே கை, மோதிரத் தழும்போடு.
தாண்டிய கணுக்களைத் திருப்பி வைத்தேன்.
முறை தவறிய மணம் என்று எழுதினேன்;
எழுத்து அழகாகவே வந்தது.
"அன்றைக்குக் கூசியது, எழுத்தரே" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்தவன் ரெனியே.
கணக்கு சுத்தம், விலை தெற்குக் கோட்டை.
சிலுவைப்போருக்குப் போய்
அக்கர் கரையில் வயிற்றுப்போக்கில் செத்தான்.
வீரமரணம் என்று எழுதியவனும் நானே.
அவன் விட்டுப்போன மகள் ஒடீலை
நான்கு வயதுக்குள் மூன்று பேருக்கு
ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு
வாக்களித்திருந்தார்கள்.
ஐந்தில் அம்மை.
மூன்று பேரும் கல்லறைக்கு வந்தார்கள்.
மூன்று பேரும் அழுதார்கள்.
மூன்று பேரும் சுங்கத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

இப்போது ஐக்லீன் படுக்கையில்.
கீழே முற்றத்தில் ஐந்து குதிரைகள்,
ஐந்து தூதர்கள், ஐந்து வம்சச் சுருள்,
எதிலும் மை முழுதாய்க் காயவில்லை.
கடைசியாய் ஒருமுறை எண்ணினேன்.
வடக்கே எங்கோ ஒரு பையன், போதுவான்,
வெர்லானைக் கண்ணால் கண்டதில்லை,
எங்கள் பேச்சும் அறியான்.
நகத்தில் நிற்கிறான்.
"நகமும் சதையும்போல்" என்று ஆயர் அருளினார்.

அவள் தன் நகங்களைப் பார்த்தபடி இருந்தாள்.
"கத்தி கொண்டுவந்தீரா?"
இறகு சீவும் கத்திதான், என்றேன்.
கையை நீட்டினாள்.
ஒரு நகம் உடைந்திருக்கிறதாம்,
போர்வையில் சிக்குகிறதாம்.

பத்தையும் வெட்டினேன். வலிக்கவில்லை என்றாள்.
துணுக்குகள் பத்திரத்தின்மேல் விழுந்தன.
ஊதிவிட்டு
அரக்கைக் காய்ச்சத் தொடங்கினேன்.